பாலிமர் க்ளே நகைகளும் பண்டிகை அலங்காரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிமர் க்ளேயில் தோடு, மணிமாலை, பண்டிகைக்குத் தொங்கவிடும் நட்சத்திரம், பந்து என்று செய்யத் தொடங்குகிறவர்களிடமிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை பிறகு வரும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உடைந்தது, விரிசல் விட்டது, நொறுங்கியது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஓவனின் சூடு சரியில்லாததுதான். கை நேர்த்தி குறைந்தவர்கள் செய்தது கூடச் சரியாக வெந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதனால் சுடுவது பற்றிய பதில்கள் இங்கே நீளமாக இருக்கும்.

இது மண்ணா, பிளாஸ்டிக்கா? பேர்ல க்ளேன்னு இருக்கே?

பிளாஸ்டிக்தான். பிவிசி பொடி, அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பதமான திரவம், நிறமிகள், கொஞ்சம் நிரப்புப் பொருள், இவ்வளவுதான் இதில் இருப்பது. மண்ணும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. தண்ணீர் இல்லாததால் காற்றில் காயாது. மேசைமேல் நாட்கணக்கில் கிடந்தாலும் பிசையும் பதத்திலேயே இருக்கும். சூடு ஏறும்போது பிவிசி துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி உப்பி, ஒன்றோடொன்று இணைந்து ஒரே உடலாகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே புரியும்.

நகைக்காகவே பிறந்த பொருளும் இல்லை இது. இன்று பரவலாகக் கிடைக்கும் ஸ்கல்பி என்ற பிராண்ட், 1960களில் மின்மாற்றிகளின் உட்பகுதியிலிருந்து வெப்பத்தைக் கடத்துவதற்கான கலவையாக உருவாக்கப்பட்டது. ஃபிமோ என்ற இன்னொரு பிராண்டின் வேர் ஜெர்மனியில், கேத்தே குரூஸின் பொம்மைப் பட்டறையில் இருக்கிறது.

அப்போ காத்துலயே காயுற க்ளே வாங்கினா போதாதா? ஓவன் தொல்லையே இல்லையே.

சுவரில் மாட்டும் அலங்காரத்துக்குப் போதும். நகைக்குப் போதாது. அது தண்ணீர் கலந்த பொருள். காயும்போது சுருங்கும், காய்ந்தபின் வியர்வையும் ஈரமும் பட்டால் இளகும், மெல்லிய பகுதி சட்டென்று ஒடியும். நிறத்தையும் மேலே பூச வேண்டும். பாலிமர் க்ளேயில் நிறம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. வெட்டினாலும் தேய்த்தாலும் அதே நிறம். வண்ண வண்ணமாக நகை செய்ய இதைவிட வசதியான பொருள் எனக்குத் தெரியாது.

முதல்ல என்னென்ன வாங்கணும்? லிஸ்ட் பார்த்தாலே தலை சுத்துது.

வழவழப்பான ஒரு தரை டைல், மெல்லிய நீளமான பிளேடு, உருட்ட அக்ரிலிக் உருளை அல்லது வழவழப்பான கண்ணாடி பாட்டில், ஒரு ஊசி, பல்குத்தி. நிறங்களில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். இத்தனையும் போதும். பாஸ்தா மெஷின் இருந்தால் வேலை பாதியாகும், ஆனால் அது அடுத்த கட்டம்.

தள்ளிப் போடவே கூடாத ஒன்று, ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர். அச்சுகளையும் கட்டர்களையும் வாங்கிக் குவித்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கட்டர் குறைந்தால் பல்குத்தியால் வரைந்து வெட்டிக்கொள்ளலாம். தெர்மாமீட்டருக்கு மாற்று இல்லை. இன்னொன்று: க்ளேக்கு எடுத்த எந்தச் சாமானும் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது.

பாக்கெட்டைப் பிரிச்சா கல்லு மாதிரி இருக்கு, அழுத்தினா நொறுங்குது. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. பழையதாகவோ குளிர்ந்தோ இருக்கும். மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உள்ளங்கைச் சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு அழுத்திப் பிசையுங்கள். அப்போதும் பொடியாக உதிர்ந்தால் திரவ பாலிமர் க்ளே இரண்டு மூன்று துளி விட்டுப் பிசைந்து, இறுக்கிச் சுற்றி ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள்.

பதம் வந்ததை இப்படிப் பார்க்கலாம். தகடாக உருட்டி இரண்டாக மடியுங்கள். மடிப்பின் முதுகைக் கூர்ந்து பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும். முதுகு வழவழவென்று இருந்தால் தயார். பாஸ்தா மெஷினில் ஏறக்குறைய 20 தடவை மடித்து மடித்து விட வேண்டியிருக்கும். மெஷினில் விடும்போது மடிப்பு கீழேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். மேலே இருந்தால் உள்ளே காற்று சிக்கும். புதிதாக, மெத்தென்று இருக்கும் க்ளேயையும் பிசையாமல் விடாதீர்கள். பிசைவதால்தான் பிளாஸ்டிசைசர் எல்லா இடமும் சீராகப் பரவும்.

எனக்கு நேர்மாறு அக்கா. கையில ஒட்டிக்கிட்டே வருது, விரல் வெச்ச இடமெல்லாம் குழி.

இளக்கி, அதாவது மேலே சொன்ன பிளாஸ்டிசைசர், அதிகம். தகடாகத் தட்டி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றுங்கள். சில மணி நேரத்தில் தாளில் எண்ணெய்க் கறை தெரியும். தேவையான விறைப்பு வந்ததும் எடுத்துப் பிசையலாம். அதிக நேரம் விட்டால் முந்தைய கேள்வியில் சொன்ன நிலைக்குப் போய்விடும், கவனம்.

வெள்ளை மட்டும் எப்பவும் அழுக்காயிடுது. தூசி, முடி, சிவப்புக் கறைன்னு ஏதாவது ஒண்ணு.

வெள்ளையில் முதலில் வேலை செய்யுங்கள், சிவப்பையும் கறுப்பையும் கடைசிக்கு வையுங்கள். நிறம் மாற்றும்போதெல்லாம் கை, டைல், உருளை, பிளேடு எல்லாவற்றையும் ஈரத் துடைப்பான் தாளால் துடையுங்கள். சோப்பு மட்டும் போட்டால் சிவப்பு நிறமி முழுவதும் போகாது. நூல் பறக்கும் கம்பளி, டவல் துணி உடைகளைத் தவிர்ப்பது நல்லது.

ஏற்கெனவே ஒட்டிய தூசியைச் சுடுவதற்கு முன் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்ல எடுக்கலாம். சுட்டபின் என்றால் பிளேடு முனையால் சுரண்ட வேண்டிவரும்.

நானே கலர் கலந்தா எல்லாம் சேறு மாதிரி வருது. கடையில இருக்குற மாதிரி பளிச்னு வரவே மாட்டேங்குது.

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பழுப்புதான் வரும். இரண்டைத்தானே கலந்தோம் என்று நினைப்பீர்கள். ஆனால் நீங்கள் எடுத்த சிவப்பிலேயே மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கலாம். அதோடு நீலம் சேர்ந்தால் ஊதாவுக்குப் பதிலாகக் கத்தரிக்காய் வாடிய நிறம் வரும். பளிச்சென்ற ஊதா வேண்டுமானால் மெஜந்தா பக்கம் சாய்ந்த சிவப்பை எடுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சுக்கு அதே மஞ்சள் சாயல் சிவப்பு அருமையாக இருக்கும். பச்சைக்கும் இதே கணக்குதான். பச்சை பக்கம் சாய்ந்த நீலமும் எலுமிச்சை மஞ்சளும் சேர்ந்தால் தளிர்ப் பச்சை வரும். ஊதா பக்கம் சாய்ந்த நீலமானால் பாசிப் பச்சை வரும்.

அளவிலும் ஒரு வழக்கம் வேண்டும். எப்போதும் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைக் கடுகளவு கடுகளவாகச் சேர்க்க வேண்டும். மஞ்சளில் நீலம் பட்டாணி அளவு விழுந்தாலே பச்சையாகிவிடும். அதைத் திரும்ப மஞ்சளாக்க ஒரு பாக்கெட் மஞ்சள் போதாது. ஒரே சின்னக் கட்டரால் வெட்டிய வட்டங்களை அளவாக வைத்து, வெள்ளை 8 பங்கு, நீலம் 1 பங்கு என்று எழுதி, அந்தக் கலவையின் ஒரு துண்டையும் சுட்டு அதோடு வையுங்கள். சுட்டபின் நிறம் ஒரு படி அடர்த்தியாகத் தெரியும், குறிப்பாக ஒளி ஊடுருவும் க்ளே கலந்திருந்தால். அதனால் சுடும் முன் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சட்டென்று கண்ணில் அறையும் நிறத்தைக் கொஞ்சம் தணிக்க அதன் எதிர்நிறத்தைத் துளி சேர்ப்பார்கள். கறுப்பைச் சேர்ப்பதைவிட அது நன்றாக இருக்கும்.

ஒரு கலர்ல ஆரம்பிச்சு இன்னொரு கலர்ல முடியுதே, நடுவுல கோடே தெரியாம, அது பெயின்டா?

பெயின்ட் இல்லை, மடிப்பு. ஜூடித் ஸ்கின்னர் என்பவர் பெயரால் ஸ்கின்னர் பிளெண்ட் என்கிறார்கள். இரண்டு நிறத் தகடுகளை முக்கோணமாக வெட்டி, சாய்ந்த பக்கங்கள் ஒட்டும்படி சேர்த்து ஒரு செவ்வகமாக்குங்கள். இடது ஓரம் ஒரு நிறம், வலது ஓரம் இன்னொரு நிறம். இனி கீழ் விளிம்பை மேல் விளிம்போடு மடித்து மெஷினில் விட வேண்டும். எப்போதும் இதே திசையில்தான் மடிக்க வேண்டும். இடது ஓரம் இடது ஓரத்தின் மீதே விழ வேண்டும்.

முதல் ஐந்தாறு தடவை கோடு கோடாக இருக்கும், அசிங்கமாகக்கூடத் தெரியும். பத்தைத் தாண்டும்போது கோடுகள் கரையத் தொடங்கும். 25 தடவைக்குள் அந்திவானம் மாதிரி இழைந்துவிடும். ஒரே ஒரு முறை குறுக்காக மடித்துவிட்டால் இரண்டு நிறமும் கலந்து ஒற்றை நிறமாகப் போகும்.

மணிக்குள்ள பூ டிசைன் எப்படி வருது? ஒவ்வொண்ணா வரையுறாங்களா?

வரைவதில்லை. நீள உருளையாகக் கட்டி, குறுக்கே சீவுகிறார்கள். இத்தாலியின் முரானோ தீவின் கண்ணாடிக் கலைஞர்கள் பலகாலமாகச் செய்துவரும் மில்லெஃபியோரி முறையின் க்ளே வடிவம் இது. இதழுக்கு ஒரு நீள உருளை செய்து, மேலே அடர் நிறத் தகடு சுற்றி, ஒரு பக்கம் கிள்ளித் துளி வடிவமாக்குங்கள். அதை ஐந்தாக வெட்டி நடுத்தண்டைச் சுற்றி அடுக்குங்கள். இதழ்களுக்கு இடையே உள்ள பள்ளங்களைப் பின்னணி நிறத்தால் நிரப்புங்கள். பள்ளத்தை நிரப்பாமல் விட்டால் அழுத்தும்போது இதழ் வழிந்து உருக்குலையும்.

பிறகு உருளையின் நடு இடுப்பைப் பிடித்து அழுத்தி, அங்கிருந்து இரு முனைகளையும் நோக்கி நீட்டிக்கொண்டு போக வேண்டும். முனைகள் கோணலாகத்தான் வரும், வெட்டிக் கழிவுக் க்ளேயில் போடுங்கள். எல்லா நிறமும் ஒரே பதத்தில் இருப்பது முக்கியம். ஒன்று இளகியும் ஒன்று விறைப்பாகவும் இருந்தால் இளகியது மட்டும் ஓடிவிடும். சீவும் முன் உருளையைக் குளிர்சாதனப் பெட்டியில் 20 நிமிடம் வையுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் திருப்பு திருப்பினால் பூ நசுங்காமல் வரும்.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

எல்லோரும் அவரவர் பிராண்டுக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், செர்னிட்டுக்கு 110 முதல் 130, ஸ்கல்பி, பிரேமோ வகைகளுக்கு ஏறக்குறைய 130, கேட்டோவுக்கு 150 வரை. உங்கள் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதே உங்களுக்கான எண். இரண்டு பிராண்டுகளைக் கலந்திருந்தால் குறைந்த சூட்டில் அதிக நேரம் வைப்பது பாதுகாப்பு. நேரம் 6 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறைந்தது 30 நிமிடம். நகைக்கு நான் பரிந்துரைப்பது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். சூடு சரியாக இருந்தால் கூடுதல் நேரத்தால் கெடுதல் இல்லை, பலம்தான் கூடும். தடிமனான துண்டுக்கு நேரத்தைக் கூட்டுங்கள், டிகிரியைக் கூட்டாதீர்கள்.

ஓவனின் திருகில் எழுதியிருக்கும் 130ஐ நம்பாதீர்கள். சின்ன ஓவன்களில் கம்பி சிவக்கும்போது சூடு எகிறும், அணையும்போது இறங்கும். திருகு ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். தெர்மாமீட்டரை க்ளே வைக்கும் அதே உயரத்தில் வைத்து, 15 அல்லது 20 நிமிடம் முன்கூட்டிச் சூடாக்கி, முள் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே வையுங்கள். துண்டுகளை டைல்மீது, அடியில் ஒரு வெள்ளைத் தாளோ பட்டர் பேப்பரோ போட்டு வைக்க வேண்டும். நேராக டைலில் பட்டால் அடிப்பக்கம் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். மேலே அலுமினியம் ஃபாயிலால் கூடாரம் போல மூடுங்கள். ஃபாயில் துண்டின்மேல் படக் கூடாது. கம்பியின் நேரடிச் சூட்டை அது தடுக்கும். டைல் சூட்டைத் தாங்கி நிறுத்தி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்.

ஓவன் இல்லை. மைக்ரோவேவ், குக்கர், ஹேர் டிரையர், ஏர் ஃப்ரையர், ஏதாவது ஒண்ணுல முடியாதா?

மைக்ரோவேவ் கூடாது. அதன் சூடு சீராக இருக்காது. ஒரு புள்ளி கருகும்போது பக்கத்துப் புள்ளி பச்சையாக இருக்கும். கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும் சுடலாம். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது, மேலே சொன்ன எந்த பிராண்டுக்கும் அது போதாது. ஹேர் டிரையர், வெயில் இரண்டும் மேல்தோலை மட்டும் இறுக்கும். ஏர் ஃப்ரையரில் முடியும், ஆனால் இடம் சின்னது, கம்பி பக்கத்தில், காற்று வேகம். மூடியுள்ள உலோக டப்பாவுக்குள் வைத்து, டப்பாவுக்குள்ளேயே தெர்மாமீட்டரும் வைத்துச் செய்ய முடிந்தால் செய்யுங்கள். தொடர்ந்து செய்வதாக இருந்தால் க்ளேக்கென்று தனியாக ஒரு சின்ன ஓடிஜி வைத்துக்கொள்வதே நல்லது.

சமைக்கிற ஓவன்லயே சுட்டா விஷமாயிடுமா? எங்க வீட்டுல பயப்படுறாங்க.

சரியான சூட்டில் சுட்டால் லேசான பிளாஸ்டிக் வாசனை வரும், அவ்வளவுதான். சமையல் நடக்கும்போது கூடவே சுடாதீர்கள். மூடிய டப்பாவிலோ ஃபாயிலால் இறுக மூடிய தட்டிலோ வைத்துச் சுடுங்கள், முடிந்ததும் ஓவனைத் துடைத்துவிடுங்கள்.

பயப்பட வேண்டியது கருகுவதைப் பற்றித்தான். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணும் தொண்டையும் எரியும். புகை தெரிந்தால் ஓவனை அணையுங்கள், ஜன்னல்களைத் திறங்கள், வாசனை போகும்வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும். பழைய க்ளேக்களில் இருந்த தாலேட் வகை இளக்கிகளில் சிலவற்றைக் குழந்தைகளின் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2005லும் அமெரிக்கா 2008லும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தின. ஆகவே யாராவது பழைய பாக்கெட்டுகளைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். சுட்ட பிறகும் இது உணவுப் பாத்திரத்துக்கான பொருள் இல்லை. கோப்பையின் வெளிப்புறத்தில் விளிம்புக்கும் வாய்க்கும் எட்டாத இடத்தில் அலங்காரமாக ஒட்டலாம்.

வெந்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எடுத்தப்போ மெத்துனுதான் இருந்துச்சு, அதனால இன்னும் சூட்டை ஏத்தினேன்.

சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், அதைவைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நகத்தால் அழுத்திப் பார்க்கவும் கூடாது, தடம் விழும். ஒவ்வொரு முறையும் நகையோடு கூடவே ஒரு சோதனைப் பட்டையும் வையுங்கள். அதே க்ளேயில் 2 மில்லிமீட்டர் கனம், விரல் அகலம், விரல் நீளம். முழுவதும் ஆறியபின் அதை வளையுங்கள். நன்றாக வெந்தது வளைந்து கொடுத்து, விட்டால் மெல்ல நிமிரும். வேகாதது பிஸ்கட் மாதிரி படக்கென்று ஒடியும். முறிந்த இடத்தைப் பார்த்தால் உதிரியாக, சுண்ணாம்புபோல இருக்கும்.

விறைப்பாக இருப்பதுதான் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய தோட்டுக்கு வளைந்து கொடுப்பதுதான் பலம். சில மலிவான வகைகள் நன்றாக வெந்தாலும் ஒடியும் தன்மையோடுதான் இருக்கும். அவற்றை மணிகளுக்கும் கனமான வடிவங்களுக்கும் வைத்துக்கொண்டு, மெல்லிய இதழ், நீளமான தொங்கட்டான் போன்றவற்றுக்கு வளையும் வகையை எடுங்கள்.

வெள்ளையும் ரோஸும் சுட்டதும் பழுப்பா ஆயிடுது.

கம்பியின் நேரடிச் சூடு படுகிறது. ஃபாயில் கூடாரமும் தெர்மாமீட்டரும் வைத்தால் நின்றுவிடும். ஒளி ஊடுருவும் க்ளே எல்லாவற்றையும்விட சீக்கிரம் மஞ்சளாகும். அதில் கடுகளவில் பாதி ஊதாவோ நீலமோ சேர்த்தால் மஞ்சள் அடங்கித் தெரியும்.

மேல பிறை பிறையா வெள்ளைத் திட்டு வருது, சில சமயம் கொப்புளம். எதனால?

கொப்புளம் என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. பிசையும்போது மடிப்பை எப்படி விடவேண்டும் என்று மேலே சொன்னதைப் பாருங்கள். தகட்டில் குமிழ் தெரிந்தால் சுடும் முன் ஊசியால் குத்தி, விரலால் தடவி மூடுங்கள். பிறைத் திட்டுக்குக் காற்றோடு ஈரமும் காரணமாகலாம். கை வியர்ப்பவர்கள் பிசையும்போது அடிக்கடி கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். அடர் நிறங்களில் அது பளிச்சென்று தெரியும், புள்ளி டிசைனிலும் கல் பதித்தது போன்ற கலவையிலும் தெரியவே தெரியாது. வந்துவிட்டால் முழுவதும் போக்க வழியில்லை, அக்ரிலிக் பெயின்டால் மறைக்கலாம்.

கைரேகை போகவே மாட்டேங்குது மேடம். கையுறை போட்டா வேலை ஓட மாட்டேங்குது.

வடிவம் செய்யும்வரை வெறுங்கையால் செய்யுங்கள், கடைசி ஒரு நிமிடத்துக்கு மட்டும் விரலில் ஒட்டினாற்போல் இருக்கும் நைட்ரைல் கையுறை. அல்லது விரல் நுனியில் துளி கார்ன்ஃப்ளவர் தொட்டுத் தடவலாம். ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் நீவினாலும் ரேகை கரையும், அது முழுவதும் ஆவியான பிறகே ஓவனில் வைக்க வேண்டும்.

சுட்டபின் கண்ணில் பட்டால் உப்புத்தாள். தண்ணீரில் முக்கி, 400ஆம் எண் தாளில் தொடங்கி 600, 800, 1000 என்று ஏறுங்கள். ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது, சுவாசத்துக்கும் நல்லது. கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சே இல்லாமல் ஒரு மெல்லிய பளபளப்பு வரும். எனக்கு எந்த வார்னிஷையும்விட அந்தப் பளபளப்புதான் பிடிக்கும்.

பளபளன்னு வர நெயில் பாலிஷ் அடிக்கலாமா? வீட்டுல இருக்கு.

வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பிவிசியோடு வினைபுரிந்து மேல்பரப்பை இளக்கும். அன்றைக்கு அழகாக இருக்கும், வாரங்கள் போனால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். பெரும்பாலான ஸ்ப்ரே வார்னிஷ்களுக்கும் இதே கதி. தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ், அல்லது கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் யுவி விளக்கொளியில் இறுகும் யுவி ரெசின் சரிவரும்.

க்ளேக்கே பூச்சு தேவையில்லை, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. மேலே தடவிய மினுக்குப் பொடி, தங்கத் தாள், பெயின்ட் இவற்றைக் காப்பாற்றத்தான் வார்னிஷ்.

தோட்டோட தண்டு மட்டும் கழண்டு விழுந்துடுது. சூப்பர் க்ளூ போட்டும் நிக்கல.

சூப்பர் க்ளூ காய்ந்தால் கண்ணாடிபோல ஆகிவிடும். க்ளே வளையும், க்ளூ வளையாது, அதனால் பிளவுபடும். இரண்டு நல்ல வழிகள் உண்டு. முதலாவது, தோட்டை ஒருமுறை சுட்டுவிட்டு, பின்பக்கம் கொஞ்சம் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, திரவ க்ளே தடவி, தண்டின் வட்டத் தட்டை அதில் பதியுங்கள். நடுவில் துளையிட்ட மெல்லிய க்ளே வட்டத்தை அதன்மேல் மாலைபோல் இறக்கி ஓரங்களை நீவி மறுபடி சுடுங்கள். தட்டு உள்ளே சிறைப்பட்டுவிடும், இழுத்தாலும் வராது. இரண்டாவது, இரண்டு குழாய்களைக் கலந்து போடும் எபாக்ஸி பசை. இரு பரப்பையும் சொரசொரப்பாக்கி ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டி, ஒரு முழு நாள் அசைக்காமல் விட வேண்டும்.

தொங்கட்டானுக்கு ஒட்டும் வேலையே வேண்டாம். சுட்டபின் கை டிரில்லால் 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் துளை, ஜம்ப் ரிங் (திறந்து மூடும் சின்னக் கம்பி வளையம்), ஹூக். துளை விளிம்புக்கு மிக நெருக்கமாக இருக்கக் கூடாது, 3 மில்லிமீட்டர் தள்ளியாவது இருக்கட்டும். ஜம்ப் ரிங்கைத் திறக்கும்போது இரு பக்கமும் அகலமாக விரிக்காதீர்கள். இரண்டு குறடுகளால் ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் திருகித் திறந்து, அதேபோல் திருகி மூடினால் வட்டம் குலையாது.

காது அரிக்குது, சிவந்து போகுது. க்ளே ஒத்துக்கலையா?

பெரும்பாலும் தண்டில் உள்ள நிக்கல்தான் காரணம். டைட்டானியம், நியோபியம் தண்டுகள் போட்டுப் பாருங்கள். சர்ஜிகல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, வெளியே கசிவது குறைவு என்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், எல்லோருக்கும் இல்லை. தண்டை மாற்றியும் அரிப்பு நிற்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பண்டிகைக்குத் தொங்கவிட நட்சத்திரம் வெட்டினேன். சுட்டதும் ஓரமெல்லாம் தூக்கிக்கிச்சு.

கனம் சீராக இல்லை, அல்லது வெட்டியதைக் கையால் எடுத்து இடம் மாற்றியிருக்கிறீர்கள். தகட்டை டைலின் மேலேயே விரித்து, அங்கேயே வெட்டி, சுற்றியிருக்கும் மிச்சத்தை மட்டும் எடுத்துவிட்டு டைலோடு ஓவனில் வையுங்கள். இப்படிச் செய்தால் அடியில் தாள் போட முடியாது. பின்பக்கத்துத் திட்டு உறுத்தினால் தகட்டை விரிக்கும் முன்பே தாளைப் போட்டுவிடுங்கள். கனம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். சுட்டு வெளியே எடுத்ததும் சூடாக இருக்கும்போதே மேலே இன்னொரு டைலை வைத்து ஆறவிட்டால் தட்டையாக நிற்கும்.

நூல் கோக்கும் துளையைச் சுடும் முன்பே ஸ்ட்ராவால் குத்திவிடுங்கள். வெட்டும் முன் தகட்டின்மேல் நரம்பு எழும்பிய இலையையோ லேஸ் துணியையோ வைத்து உருட்டிப் பாருங்கள். பிறகு மேடுகளில் மட்டும் விரலால் மினுக்குப் பொடி தடவினால், விளக்கொளியில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரியும். அலங்காரங்களில் எனக்கு மிகப் பிடித்தது இந்த இலை நட்சத்திரம்தான்.

பிளாஸ்டிக் பந்து மேல க்ளே ஒட்டிச் சுட்டேன், பந்தே உருகிப்போச்சு. கண்ணாடிப் பந்து வெடிக்காதா?

பிளாஸ்டிக், தெர்மாகோல் இரண்டும் ஓவனுக்கு ஆகாது. கண்ணாடி தாங்கும், கொஞ்சம் பொறுமையாகச் செய்தால். உலோகத் தொப்பியைக் கழற்றிவிடுங்கள், கழுத்து வாய் திறந்தே இருக்கட்டும், உள்ளே விரியும் காற்று அந்த வழியாகப் போய்விடும். வெளிப்புறத்தில் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டால் க்ளே வழுக்காமல் ஒட்டும். மேலே சொன்ன பூ உருளையின் சீவல்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, இடைவெளி இல்லாமல் உருட்டிச் சமப்படுத்துங்கள். இதற்கு மட்டும் முன்கூட்டிச் சூடாக்க வேண்டாம். குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூட்டை ஏற்றி, சுட்டபின் ஓவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள். கண்ணாடிக்குத் திடீர் மாற்றம்தான் எதிரி.

பெரிய பறவை பொம்மை செஞ்சேன். வயித்துல நீளமா விரிசல் விட்டுடுச்சு.

உள்ளே முழுக்க க்ளேயாக இருந்திருக்கும். வெளிப்புறம் வெந்து இறுகியபின் உட்புறம் விரிவதால் விரிசல் விடும். அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தளர்வே இல்லாமல் இறுக்கி, மேசையில் உருட்டி உள்வடிவம் செய்து, அதன்மேல் 5 மில்லிமீட்டர் க்ளே போர்த்துங்கள். எடையும் குறையும், தொங்கவிடும் நூலுக்கும் நல்லது. கழுத்து, கால் போன்ற மெல்லிய இடங்களுக்கு உள்ளே கம்பி கொடுங்கள். விரிசல் விட்டதைத் தூக்கிப் போட வேண்டாம். திரவ க்ளேயோடு அதே நிறக் க்ளேயைக் குழைத்து அடைத்து மறுபடி சுடலாம்.

சீரியல் லைட் பக்கத்துல தொங்கவிடலாமா? வெளி வாசல்ல? மெழுகுவர்த்தி ஸ்டாண்டு செய்யலாமா?

எல்இடி விளக்குக்குப் பக்கத்தில் தாராளமாக. பழைய இழை பல்புகள் சூடாகும், அவற்றைத் தொடும்படி வேண்டாம். நெருப்புச் சுடர் எரியும் எதையும் க்ளேயில் செய்யாதீர்கள், காரணம் சமையல் ஓவன் கேள்வியில் சொன்ன அதே வாயு. பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்தி என்றால் தாராளமாகச் செய்யலாம். மழைக்குக் க்ளே அசையாது, ஆனால் கொக்கி துருப்பிடிக்கும், நேரடி வெயிலில் நிறங்கள் வெளுக்கும். கூரை நிழலில் மாட்டுங்கள்.

குழந்தைங்களோட சேர்ந்து செய்யலாமா?

உருட்டுவது, கட்டரால் வெட்டுவது, அச்சு பதிப்பது அவர்களுக்கு. பிளேடும் ஓவனும் பெரியவர்களுக்கு. வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இந்தப் பொருளே வேண்டாம், செய்து முடித்த மணியும் விழுங்கும் அளவில்தான் இருக்கும். முடிந்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும்.

மிச்சக் க்ளேயை டப்பாவுல போட்டு வெச்சேன், டப்பாவே உருகி ஒட்டிக்கிச்சு. செஞ்ச அலங்காரத்தை எப்படி எடுத்து வைக்கிறது?

சுடாத க்ளேயிலுள்ள இளக்கி சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். முக்கோணக் குறிக்குள் 5 என்று இருக்கும் பாலிப்ரோப்பிலீன் டப்பா சரி, 6 என்று இருக்கும் பாலிஸ்டைரீன் ஆகாது. வார்னிஷ் அடித்த மர மேசையில் வெறுமனே வைத்தாலும் தடம் விழும். பட்டர் பேப்பரில் சுற்றி, வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் பாக்கெட்டிலேயே பாதி வெந்துவிடும்.

சுட்ட அலங்காரங்களைத் தனித்தனியாகச் சாதாரணத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். ரெக்சின் மாதிரி மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளோடு சேர்த்து மாதக்கணக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் படிச்சபிறகு, முன்னாடி செஞ்சதெல்லாம் சரியா வேகலைன்னு தோணுது. இப்போ மறுபடி சுடலாமா?

சுடலாம். பாலிமர் க்ளேயை எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம். செய்து மாதங்கள் ஆகியிருந்தாலும் அந்தப் பிராண்டின் சூட்டில் 45 நிமிடம் வைத்தால் பலம் ஏறும். முதலில் நூல், ரிப்பன், பிளாஸ்டிக் மணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். சூப்பர் க்ளூ சூட்டில் விட்டுவிடும், அதனால் அதில் ஒட்டிய தண்டுகளைப் பிடுங்கிவிட்டு, சுட்டபின் மேலே சொன்ன முறையில் பதியுங்கள். எபாக்ஸியும் ரெசினும் பூசியதை மறுபடி சுட்டால் நிறம் மாறக்கூடும், அவற்றை விட்டுவிடுங்கள். நெயில் பாலிஷ் அடித்தது இருந்தால் ஈர உப்புத்தாளால் முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு வையுங்கள். ஏற்கெனவே ஒடிந்த துண்டுகள் இருந்தால் முதலில் அவற்றைச் சுட்டு, ஆறியபின் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் மற்றவற்றையும் வைக்கலாம்.